எல்லையிலிருந்து வந்தவருக்கு ஏன் தூக்கமில்லை? படைவீரர் குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டண்டாக 24 ஆண்டுகள் இருந்தேன். அதில் 6 ஆண்டுகள் மனநல வார்டில் கழிந்தன. இப்போது காங்கயம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். யாருடைய மகனாவது மருமகனாவது லீவில் வந்து ஒரு மாதிரியாக இருந்தால், "அந்த மிலிட்டரிக்காரரைக் கேளுங்கள்" என்று என் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். சென்னிமலை, வெள்ளகோவில், அரவக்குறிச்சி, ராசிபுரம் என்று பல பக்கங்களிலிருந்தும் அழைப்பு வருகிறது. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதை மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எந்தக் கதவைத் தட்டுவது, எப்போது தட்டுவது என்பதை என்னால் சொல்ல முடியும்.

என் மகன் பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டானா?

கேட்டவர் ஒரு விவசாயி. மகன் காஷ்மீரில் இரண்டரை ஆண்டுகள் இருந்துவிட்டு லீவில் வந்திருந்தான். பக்கத்துக் கல் குவாரியில் மாலை ஐந்து மணிக்கு வெடி வைப்பார்கள். ஊரில் குழந்தைகூடத் திரும்பிப் பார்க்காது. இவன் மட்டும் மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்துவிடுவான்.

நான் போயிருந்த அன்றும் வெடித்தது. அவன் உட்கார்ந்த விதத்தைக் கவனித்தேன். தலை தொட்டியின் விளிம்புக்குக் கீழே இருந்தது. முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. வலது கை, இல்லாத துப்பாக்கியைத் தேடியது. பயந்து ஓடுகிறவன் அப்படி உட்கார மாட்டான். பயிற்சி பெற்றவன்தான் உட்காருவான். அங்கே அவன் உயிரைக் காத்த பழக்கம் இங்கே வந்த பிறகும் அணையாமல் இருக்கிறது, அவ்வளவுதான். பிறகு எழுந்து, லுங்கியில் ஒட்டிய சாணியைத் தட்டிவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சாளைக்குள் (தோட்டத்து வீட்டுக்குள்) போனான். எனக்கு அந்தக் கூச்சம்தான் நோயைவிடப் பெரிதாகப் பட்டது.

இந்தக் கேள்வி உலகத்துக்கே பழையது. முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே பேச்சு நின்று, கை கால் நடுங்கி வந்த வீரர்களைப் பற்றி 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் எழுதினார். 'ஷெல் ஷாக்' என்ற பெயர் அப்போதுதான் அச்சேறியது. ஆனால் அதே போரில் கோழைத்தனம், ஓடிப்போதல் போன்ற குற்றங்களுக்காகத் தம் சொந்தப் படைவீரர்களையே பிரிட்டன் சுட்டுக் கொன்றது. அவர்களில் 306 பேருக்கு 2006-இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. பலர் இந்த நோயால் துன்பப்பட்டவர்கள் என்று இன்று கருதப்படுகிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் நிலையைப் பார்த்த பிறகு, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதை பி.டி.எஸ்.டி. என்ற பெயரில் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. தமிழில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் என்கிறோம்.

அந்த அப்பாவிடம் நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் மகன் பயந்தாங்கொள்ளி இல்லை. அவனுக்கு வைத்தியம் இருக்கிறது.

சும்மா மனக்கஷ்டமா, நோயா? வீட்டில் இருப்பவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

மருத்துவர்கள் நான்கு வகையாகப் பார்ப்பார்கள். நடந்தது திரும்பத் திரும்பக் கனவாகவோ, கண்முன் நடப்பதுபோலவோ வருவது முதல் வகை. அதை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது இரண்டாவது. எதிலும் பிடிப்பில்லாமல், தன்மீதே வெறுப்போடு, பெற்ற குழந்தையிடம்கூட ஒட்டாமல் இருப்பது மூன்றாவது. எப்போதும் விறைப்பாக இருப்பது, சட்டென்று கோபம் வருவது, தூக்கம் கெடுவது, சிறு சத்தத்துக்கும் துள்ளுவது நான்காவது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் நோய் என்று சொல்வார்கள். சம்பவம் நடந்த முதல் சில வாரங்களில் இப்படி இருப்பது இயல்பு. பலருக்குத் தானாகவே தணிந்துவிடும்.

வீட்டுக்காரர்கள் கண்ணில் படுவது வேறு மாதிரி இருக்கும். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு வராமல் வாசலிலேயே நிற்பார். பஸ்ஸில் கடைசி இருக்கை கேட்பார். இரவு இரண்டு மணிக்குத் தோட்டத்தைச் சுற்றி வருவார். "மோட்டார் போட்டேன்" என்பார், அன்று மின்சாரமே இருந்திருக்காது. மகள் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால் உதறிவிட்டு, அதற்காக அன்று முழுவதும் சாப்பிடாமல் இருப்பார். இந்தக் கடைசிக் காட்சியை மூன்று வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

சண்டையே பார்க்காதவருக்கும் வருமா? அவர் டிரைவர்தான்.

வரும். கண்ணிவெடி வழியில் கான்வாய் ஓட்டியவர், பனிச்சரிவில் புதைந்தவர்களைத் தோண்டி எடுத்தவர், ஸ்ட்ரெச்சர் தூக்கியவர் என எல்லாருக்கும் வரலாம். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்ததே, அதில் இருந்த 14 பேரும் உயிரிழந்தார்கள். தீயை நோக்கி முதலில் ஓடி, வீட்டுக் கம்பளிகளைக் கொடுத்தவர்கள் அந்தக் கிராமத்து மக்கள். சீருடையே போடாத அவர்களுக்கும் அந்த நாள் எத்தனை இரவுகளில் திரும்பி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ராணுவம் இதை எப்படிக் கையாள்கிறது?

விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். இங்கேதான் அதிகக் குழப்பம்.

முதல் அடுக்கு யூனிட். ஒவ்வொரு ஜவானுக்கும் ஒரு ஜோடி உண்டு. இருவரும் ஒன்றாகத் தூங்கி, ஒன்றாகக் காவல் நிற்பவர்கள். ஒருவன் சாப்பாட்டைத் தள்ளினால், வீட்டுக்குப் போன் பேசிவிட்டு அழுதால், முதலில் அறிவது ஜோடிதான். மாலை ரோல்கால், மாதாந்திர சைனிக் சம்மேளன் என்ற வீரர்கள் கூட்டம் எல்லாம் குறை சொல்வதற்கான இடங்கள். யூனிட்டின் மதகுருவுக்கும் ஆலோசனை சொல்லப் பயிற்சி தருகிறார்கள். என் அனுபவத்தில் ஜவான்கள் அவரிடம்தான் அதிகமாக மனம் திறப்பார்கள். அவர் கையில் யாருடைய பதவி உயர்வும் இல்லை. ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. களத்தில் சில ஆண்டுகள், அமைதியான நிலையத்தில் சில ஆண்டுகள் என்று மாற்றி வைப்பதும் உடலை மட்டும் எண்ணிச் செய்ததல்ல.

இரண்டாவது அடுக்கு எம்.ஐ. ரூம், அதாவது யூனிட்டின் மருத்துவ அறை. யூனிட் மருத்துவர் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் மனநல மருத்துவர் உள்ள ராணுவ மருத்துவமனைக்கு அனுப்புவார். உடன் கமாண்டிங் ஆபீசரின் அறிக்கை ஒன்றும் போகும்: ஆள் முன்பு எப்படி இருந்தார், எப்போது மாறினார், என்ன நடந்தது, குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் பிரச்சினை உண்டா என்றெல்லாம் எழுதுவார்கள். அந்த ஒரு தாளை மறந்துவிடாதீர்கள். பின்னால் பென்ஷன் பற்றிச் சொல்லும்போது அது திரும்பி வரும்.

மூன்றாவது அடுக்கு வார்டு. உள்ளே வைத்துக் கவனிப்பார்கள், மருந்து கொடுப்பார்கள், பிறகு பெரும்பாலும் நோய் விடுப்பில் வீட்டுக்கு அனுப்புவார்கள். திரும்பியதும் மெடிக்கல் போர்டு, அதாவது தகுதியை முடிவு செய்யும் மருத்துவர் குழு. ராணுவத்தில் உடல்தகுதியை 'ஷேப்' என்ற ஐந்து எழுத்தால் அளப்பார்கள். அதில் முதல் எழுத்தான 'எஸ்' மனநலத்துக்கு உரியது. எஸ்-1 என்றால் முழுத் தகுதி. 2, 3 என்றால் கட்டுப்பாடுகளோடு வேலை. 5 என்றால் சேவைக்குத் தகுதியில்லை. பெரும்பாலும் முதலில் 24 வாரத்துக்குத் தற்காலிகமாகக் கேட்டகரியை (மருத்துவத் தகுதி நிலையை) இறக்கி, பிறகு மறுபடி பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் ஆயுதம் தரமாட்டார்கள், தனிக் காவல் கிடையாது, மது கூடாது, உயர்ந்த மலைப்பகுதிக்கு அனுப்பமாட்டார்கள்.

காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. நான் அதற்குள் வேலை செய்தவன், மனதாரச் சொல்கிறேன். ஓட்டை எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். ஜவான் வாயைத் திறந்தால்தான் இந்த ஏற்பாடு நகரும். அவர் திறப்பதில்லை.

சொன்னால் கேட்டகரி இறங்கிவிடும், வேலை போய்விடும் என்கிறாரே?

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. கேட்டகரி இறங்கினால் பதவி உயர்வு தள்ளிப்போகலாம். சில கோர்ஸ்கள், வெளிநாட்டு அமைதிப்படைப் பணி போன்றவை கைநழுவலாம். கூட இருப்பவர்களில் ஒருவனாவது கிண்டல் செய்வான். இதையெல்லாம் மறைத்து, "ஒன்றும் ஆகாது" என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆனால் இரண்டு விஷயங்கள் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தற்காலிகக் கேட்டகரி தற்காலிகம்தான். குணமாகி எஸ்-1-க்குத் திரும்பி, பின்னாளில் நாயப் சுபேதார் ஆனவர்களுக்கு நானே மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நிரந்தரமாக இறங்கினாலும் உடனே வெளியே தள்ள முடியாது. மருத்துவக் காரணத்துக்காக அனுப்புவதானால் முறைப்படி இன்வேலிடிங் மெடிக்கல் போர்டு வைத்தே அனுப்ப வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

மறைத்தால் என்ன ஆகிறது? குடி கூடுகிறது. ஒருநாள் மேலதிகாரியிடம் கை நீளுகிறது, அல்லது லீவு முடிந்து திரும்பாமல் இருக்கிறார். அப்போது அவர் நோயாளியாகப் பார்க்கப்படுவதில்லை, குற்றவாளியாகவே பார்க்கப்படுகிறார். ஒழுங்கு நடவடிக்கையில் வெளியே வந்தால் பென்ஷனும் போகலாம். வேலையைக் காப்பாற்ற மறைத்து, மறைத்ததாலேயே வேலையை இழந்தவர்கள் என் வார்டில் எத்தனை பேர்! ஆகவே, எழுத்தில் வரட்டும். சீக்கிரம் வரட்டும்.

லீவு முடிந்துவிட்டது, போக மாட்டேன் என்கிறான். என்ன செய்வது?

நாளைக் கடத்தாதீர்கள். அனுமதியில்லாமல் 30 நாள் தாண்டினால் ராணுவச் சட்டப்படி விசாரணைக் குழு கூடி அதைப் பதிவு செய்யும். பிறகு ஓடிப்போனவர் என்ற கணக்கில் தேடுவார்கள். லீவு முடிவதற்குள், முடியாவிட்டால் மறுநாளே, அருகிலுள்ள ராணுவ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நம் பக்கத்தவர்களுக்கு நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாத நிலை என்றால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சேர்த்து, சான்றிதழ் வாங்கி, யூனிட்டுக்குப் போன் செய்து, கடிதமும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். "பையன் மானம் போகிறது" என்று நினைத்து ஒளித்து வைத்த ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாதம் கழித்து போலீஸ் வந்தது.

அவரை வாட்டுவது எல்லைச் சண்டையா, பங்காளிச் சண்டையா என்றே புரியவில்லை.

இரண்டும்தான். பனியில் நிற்கிறவனுக்கு, "உன் அண்ணன் வரப்பை வெட்டிவிட்டான், கீழ்பவானி மடைத் தண்ணீரை நமக்கு விடமாட்டேன் என்கிறான்" என்று வீட்டிலிருந்து போன் போனால் அவன் என்ன செய்வான்? முன்பு கடிதம் போய்ச் சேரப் பத்து நாள் ஆகும்; அதற்குள் பாதிச் சண்டை ஆறியிருக்கும். இன்று அழுகை அந்த நிமிடமே பங்கருக்குள் கேட்கிறது.

நிலத் தகராறு இருந்தால் யூனிட்டில் சொல்லச் சொல்லுங்கள். கமாண்டிங் ஆபீசர் மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் எழுதுவது வழக்கம். அதற்கு மதிப்பும் உண்டு. போர்ச் சூழலிலும் சிறப்பு நிலைமைகளிலும் பணியாற்றும் வீரர் இல்லாத நேரத்தில் அவர்மீதான சிவில் வழக்கு ஒருதலையாக முடிந்துவிடாமல் காக்க, 1925-ஆம் ஆண்டிலேயே இந்தியப் படைவீரர் வழக்காடல் சட்டம் வந்திருக்கிறது. வழக்கறிஞரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பெரிய சம்பவம் நடந்த உடனே எல்லாரையும் உட்காரவைத்துப் பேசச் சொல்வது நல்லதுதானே?

நல்லது என்றுதான் பல காலம் நினைத்தார்கள். ஒரே அமர்வில், நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லவைக்கும் முறை 1980-களில் பரவியது. பின்னர் வந்த ஆய்வுகளில் அது பி.டி.எஸ்.டி.யைத் தடுக்கவில்லை என்றும், சிலருக்குக் காயத்தைக் கிளறிவிட்டது என்றும் தெரிந்தது. இப்போது யாரையும் வற்புறுத்திப் பேசவைப்பதில்லை. சூடான டீ, தூக்கம், பாதுகாப்பான இடம், கூட்டாளிகள், வீட்டுக்கு ஒரு போன்: முதல் நாளுக்கு இதுவே மருந்து. பேச வந்தால் கேட்க ஆள் இருக்க வேண்டும்.

இன்னொரு பாடம் முதல் உலகப் போரிலிருந்தே இருக்கிறது. மனம் கலங்கியவரை வெகுதூரம் அனுப்பிவிடாமல், களத்துக்கு அருகிலேயே, தாமதமில்லாமல், "நீ சரியாகிவிடுவாய், உன் ஆட்களிடம் திரும்புவாய்" என்ற நம்பிக்கையோடு கவனிப்பது. அமெரிக்க மருத்துவர் தாமஸ் சால்மன் இதை முன்வைத்தார். இன்றும் பல ராணுவங்களின் அடிப்படை இதுதான். எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. சீக்கிரம் துப்பாக்கியைத் திரும்பக் கொடுப்பது படைக்கு நல்லது. அந்த ஆளுக்கும் அது நல்லதா என்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

வைத்தியம் என்ன? வாழ்நாள் முழுவதும் மாத்திரையா?

பெரும்பாலும் இல்லை. அதிர்ச்சியை மையமாக வைத்துச் செய்யும் பேச்சு சிகிச்சைதான் முதன்மையானது. பயிற்சி பெற்ற உளவியலாளர், நடந்ததைச் சிறிது சிறிதாக, பாதுகாப்பான அறையில் மறுபடி எதிர்கொள்ள வைப்பார். வாரம் ஒன்று என்று சுமார் 8 முதல் 15 அமர்வுகள் வரை போகும். கண் அசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் உண்டு. மருந்துகளில் செர்ட்ராலின், பராக்சிடின் போன்றவற்றைத் தருவார்கள். அவை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். இரண்டாம் வாரத்திலேயே "கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம், அதைச் செய்யாதீர்கள். மருந்துக் கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்குவதும் கூடாது. அது இந்த நோயைத் தீர்க்காது, பழக்கம்தான் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு குறையை ஒளிக்காமல் சொல்கிறேன். பேச்சு சிகிச்சை தாய்மொழியில் நடக்க வேண்டும். வடக்கே உள்ள மருத்துவமனையில் இந்தியில் கேட்டால் நம் பையன் "டீக் ஹை சாப்" என்று முடித்துக்கொள்வான். நெஞ்சில் இருப்பது அந்த மொழியில் வராது. மொழி தெரிந்த ஆள் கிடைக்காமல் நானே பல முறை மொழிபெயர்த்திருக்கிறேன். சாம்பார் வாசனை பற்றிப் பேசத் தொடங்கினால்தான் சிலர் மற்றதைப் பேசினார்கள்.

கோவிலில் பூவாக்குக் கேட்டோம், மந்திரித்தோம். தவறா?

தவறில்லை. என் அம்மாவும் எனக்குக் கயிறு கட்டியிருக்கிறார். "பயந்த கோளாறு" என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்தச் சொல்லில் உண்மை இருக்கிறது: பயம் உடம்பில் தங்கி நோய் ஆகும் என்பதை நம் பாட்டிகள் அறிந்திருந்தார்கள். திருநீறு பூசுங்கள், பூசாரியிடம் போங்கள். ஆனால் அதே வாரத்தில் மருத்துவரிடமும் போங்கள். மாத்திரையை நிறுத்தினால்தான் சாமி கேட்கும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அடிப்பது, கட்டிப்போடுவது, புகை போடுவது எதற்கும் இடம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே சத்தத்துக்கும் பிடிக்கும் கைக்கும் நடுங்குகிறவர் அவர்.

ராணுவ கேன்டீன் மது பாட்டில் இல்லாமல் அவர் தூங்குவதில்லை.

மது தூக்கத்தைத் தருவதுபோல் காட்டி, பின்னிரவில் எழுப்பிவிடும். கனவு இன்னும் மோசமாகும். நான் பார்த்த வார்டில் 'மது அடிமை' என்று எழுதப்பட்ட பல கேஸ்களின் அடியில் வேறொரு கதை இருந்தது. திட்டிப் பயனில்லை. பாட்டிலை ஒளித்து வைத்தாலும் பயனில்லை. நாள்பட்டுக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம்; மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். போகும்போது "குடிக்கிறார்" என்று மட்டும் சொல்லாமல், "இன்ன இடத்திலிருந்து வந்த பிறகு குடிக்கிறார்" என்று சொல்லுங்கள்.

வீட்டில் நாங்கள் எப்படி நடந்துகொள்வது?

தூக்கத்தில் அலறினால் தோளைப் பிடித்து உலுக்காதீர்கள். கால்மாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்று பெயரைச் சொல்லி, "நம் வீட்டில் இருக்கிறீர்கள்" என்று சொல்லுங்கள். விளக்கைப் போடுங்கள். மாரியம்மன் பண்டிகையில் அதிர்வேட்டு எப்போது வெடிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதிர்பார்த்த சத்தம் பாதி சத்தம்தான். தீபாவளிக்கு அவர் தோட்டத்துச் சாளையில் இருக்க விரும்பினால் விட்டுவிடுங்கள், சாப்பாட்டை அங்கே கொண்டுபோங்கள். விருந்தாளிகள் "எத்தனை பேரைச் சுட்டாய்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை வாசலிலேயே தடுப்பது உங்கள் வேலை.

மனைவிமார்களுக்குத் தனியாக ஒன்று. அவர் அடித்தால், நோய் என்பதற்காகப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குழந்தைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டு, அங்கிருந்து அவருக்கு வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்யலாம். 181 என்ற பெண்கள் உதவி எண் எப்போதும் எடுக்கும்.

உயிரை விட்டுவிடுவேன் என்கிறார். அதைப் பற்றிக் கேட்டால் இன்னும் தூண்டிவிட்டதாக ஆகாதா?

ஆகாது. நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போக வேண்டும் என்று தோன்றுகிறதா?" பலருக்கு அந்தக் கேள்வி வந்ததே பாரம் இறங்கியதுபோல இருக்கும். தனியே விடாதீர்கள். வங்கிக் காவல் வேலைக்காக உரிமம் வாங்கிய துப்பாக்கி இருந்தால் அன்றே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வழி கேளுங்கள். பூச்சி மருந்து எல்லாவற்றையும் வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். 14416-ஐ அழையுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 2022 முதல் நாடு முழுவதும் இலவசமாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். படையினருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் என்றே 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் ஒரு தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. தமிழக அரசின் 104-லும் ஆலோசகர் இருப்பார். நிலைமை கைமீறினால் 108. இதற்காகப் போலீஸ் வழக்கு வருமோ என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம்.

ஓய்வு பெற்று மில்லில் செக்யூரிட்டியாக இருக்கிறார். இப்போது எங்கே போவது?

பென்ஷன் வாங்குபவர் என்றால் 2003-இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் உண்டு. கோவை, சேலம், வெலிங்டன் ஆகிய இடங்களில் பாலிகிளினிக் இருக்கிறது. அங்கே பார்த்து, தேவையானால் இணைக்கப்பட்ட மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அட்டை இல்லாவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். கோவை, பெருந்துறை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருகிறார்கள். காகித உதவிக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். இரவுப் பணியை மாற்றித் தரச் சொல்லி மில் மேலாளரிடம் ஒரு கடிதம் கொடுங்கள். தூக்கம் கெட்டவருக்கு இரவுக் காவல் விஷம்.

இந்த நோய்க்குப் பென்ஷன் உண்டா?

சேவையால் வந்தது அல்லது சேவையால் கூடியது என்று மெடிக்கல் போர்டு ஏற்று, பாதிப்பு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஊனப் பென்ஷனுக்கு வழியுண்டு. சிக்கல் முதல் பாதியில்தான். 'பிறவிக் கூறு, சேவைக்குத் தொடர்பில்லை' என்று எழுதிவிடுவார்கள். சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், பின்னால் வந்த நோய் சேவையால் வந்ததென்றே அனுமானிக்க வேண்டும், மறுத்துக் காட்டும் பொறுப்பு அரசுடையது என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதைக் கேட்டு எல்லாருக்கும் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில், படையில் சேர்க்கும் நேரத்தில் மனநோயைக் கண்டுபிடிப்பது எளிதல்ல, மெடிக்கல் போர்டின் கருத்துக்கு மதிப்பு தர வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது. 2023 செப்டம்பருக்குப் பிறகு வெளிவருவோருக்குப் புதிய விதிகளும் உண்டு.

ஆகவே ஆவணம்தான் பேசும். எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன நடந்தது, எம்.ஐ. ரூமில் எப்போது பதிவானது. கமாண்டிங் ஆபீசர் அறிக்கையில் என்ன இருக்கிறது. அந்தத் தாள் என்று முன்பே சொன்னேனே, அது இதற்குத்தான். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேல் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது.

என் கணவர் சி.ஆர்.பி.எஃப். இவை எல்லாம் அவருக்கும் பொருந்துமா?

நோய் ஒன்றுதான், ஏற்பாடு வேறு. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. ராணுவ மருத்துவமனை, இ.சி.எச்.எஸ். அவர்களுக்கு இல்லை. அவர்களுக்குச் சிகிச்சைக்கான ஆயுஷ்மான் சி.ஏ.பி.எஃப். அட்டை இருக்கிறது. 2018 முதல் 2022 வரை 5 ஆண்டுகளில் இந்தப் படைகளில் 650-க்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டதாக மத்திய அரசே நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்திருக்கிறது. கோவை துடியலூர் பக்கம் பயிற்சிக் கல்லூரி இருப்பதால் நாம் அவர்களைத் தினமும் பார்க்கிறோம். பார்த்தும் கேட்காமல் இருக்கிறோம்.

என் மகன் அக்னிவீராக இருக்கிறான். அவனுக்கு என்ன உண்டு?

நான்கு ஆண்டு முடிந்து வெளிவருவோருக்குப் பென்ஷனும் இல்லை, இ.சி.எச்.எஸ்.ஸும் இல்லை. சேவையால் வந்த ஊனத்துக்கு 100, 75, 50 சதவீதம் என்ற படிகளில் 44, 25, 15 லட்சம் ரூபாய் ஒருமுறைத் தொகை உண்டு. மனக் காயத்தோடு வெளியே வரும் பையனுக்கு அதற்குப் பிறகு மாதாமாதம் பென்ஷன் எதுவும் இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவன் உள்ளே இருக்கும்போதே வைத்தியம் தொடங்கிவிடுங்கள்.

பெண் பார்க்கிறோம். வைத்தியம் எடுத்ததைச் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். தரகரிடமோ ஊரிலோ வேண்டாம். முடிவாகும் முன் பெண்ணிடம் அவனே சொல்லட்டும். மறைத்துச் செய்த கல்யாணத்தில் முதல் மாதமே இரவில் அலறினால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்? "கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வதை ஏற்காதீர்கள். இன்னொரு வீட்டுப் பெண்ணை மருந்தாகக் கேட்பது முறையில்லை.

35 ஆண்டுக்குப் பிறகும் வருமா? அப்பா இலங்கைக்குப் போனவர்.

வரும். வேலை, குழந்தைகள், கடன் என்று ஓடிய காலத்தில் அடங்கிக் கிடந்தது, ஓய்ந்து உட்கார்ந்ததும் எழுந்து வருவதுண்டு. 1987 முதல் 1990 வரை அமைதிப்படையாகப் போனவர்களில் 1,100-க்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள். திரும்பியவர்களுக்கு இன்று அறுபது, எழுபது வயது. நம் ஊர் எல்லைகளில் புலிகுத்திக் கல் நிற்கிறதே, அது புலியோடு சண்டையிட்டு மாண்டவனுக்கு. பிழைத்து வீடு வந்தவன் அதற்குப் பிறகு எப்படித் தூங்கினான் என்று எந்தக் கல்லிலும் செதுக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் பவானி ஆற்றுப் பக்கம் இருக்கிறார். அவரை வாட்டுவது பயம் இல்லை. ஒரு வீட்டுக்குள்ளிருந்து வந்த கதறல். "பக்கத்தில் நின்ற பஞ்சாபிக்காரனுக்கு அது வெறும் சத்தம். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, தம்பி. 'அம்மா' என்று கத்தினார்கள்" என்றார். வியட்நாம் வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜொனாதன் ஷே என்ற மருத்துவர் இதற்குத் தனிப் பெயர் வைத்தார். மனச்சாட்சியில் பட்ட காயம் என்று தமிழில் சொல்லலாம். மாத்திரை இதற்குப் பாதிதான் உதவும். தீர்ப்புச் சொல்லாமல் கேட்கும் ஓர் ஆள் வேண்டும். அவர் தன் மனைவியிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை. மனைவி இறந்து இரண்டு ஆண்டாகிறது.

மாதம் ஒருமுறை அவரைப் பெருந்துறைக்கு அழைத்துப் போகிறேன். பஸ்ஸில் கடைசி இருக்கை காலியாகும் வரை இரண்டு பஸ்களை விட்டுவிடுவோம். முதல் மூன்று முறை மருத்துவரிடம் மூட்டு வலியைப் பற்றி மட்டும் பேசினார். நான்காம் முறை உள்ளே போய் முக்கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை. வெளியே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பசிக்கிறது, எங்கேயாவது இட்லி கிடைக்குமா?" என்று கேட்டார். அடுத்த தேதியை அட்டையில் எழுதி வாங்கியிருக்கிறோம்.